ஓனோ தமிழ் கற்றார்; நாம்?

தமிழ் மேடைகளில் தவறாது கைதட்டல் பெறும் செய்திகளுள் ஒன்று, ஜப்பானிய மொழி தமிழோடு உறவுடையது என்பதாகும். இக்கருத்தை முன்வைத்தவர் தோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008). 1974இல் வெளிவந்த பழைய ஜப்பானியச் சொல்லகராதியின் தொகுப்பாசிரியருள் ஒருவர் அவர். தம் நாட்டின் பழம்பனுவல்களில் தோய்ந்த அப்பெரியார், அறுபதாம் அகவையை ஒட்டித் தமிழ் கற்கப் புகுந்தார். 1980இல் இருமொழி ஒலியொப்புமை குறித்து நூல் வெளியிட்டார். சென்னையில் பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் அ. சண்முகதாசும் அவர்தம் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் அவருக்குத் துணைநின்றனர்.

ஓனோவின் முடிவை மொழியியலார் பலர் ஏற்றிலர். அவர் காட்டிய ஒலியொப்புமைகள் உறுதியானவை அல்ல என்பது அவர்தம் வாதம். இதனைக் கேட்டு நம்மவர் சினங்கொள்வர். சினங்கொள்ள நமக்கு என்ன தகுதி உண்டு? உறவு உண்டு எனச் சொல்வதற்கும் பழைய ஜப்பானியம் தெரிந்திருத்தல் வேண்டும். இல்லை எனச் சொல்வதற்கும் தெரிந்திருத்தல் வேண்டும். தமிழ்த்துறைகளில் அதனைப் பயின்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாழ்ப்பாணத்து இணையர் மன்யோசுப் பாடல்களையும் நம் அகப்பாடல்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்தனர். அவ்வழியிற் சென்றோர் மிகச் சிலரே.

உறவு மெய்ப்படினும் பொய்ப்படினும், தமிழ் மாணவன் சுவைத்தற்குரியது அம்மொழி என்பது நம் கருத்து. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற மன்யோசு 20 தொகுதிகளும் 4,500க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. அவற்றுள் பெரும்பான்மையன 5, 7, 5, 7, 7 என்னும் அசையளவில் அமைந்த குறும்பாடல்கள். எல்லைக் காவலுக்கு அனுப்பப்பெற்ற படைவீரரும் அவர்தம் மனைவியரும் பாடியனவும் அத்தொகையில் உள. வினைவயிற் பிரிவையும் முல்லைத் திணையையும் பாடஞ்சொல்லும் நமக்கு இவை அயலான பொருளா? இடப்பெயர் முதலியவற்றின்முன் மரபாக நிற்கும் அடைமொழியை அவர்கள் ‘தலையணைச் சொல்’ என்பர். ஒரு சொல்லில் இருபொருள் தோன்ற அமைக்கும் அணியும் அங்குண்டு. நம் சிலேடையை நினைவூட்டுவது அது.

இலக்கணமும் அத்தகையதே. எழுவாய் முன்னும் வினை இறுதியிலும் நிற்கும். வேற்றுமை உருபு பெயர்க்குப் பின்வரும். வினை எச்சவடிவில் நின்று பெயரைத் தழுவும். சில இடைச்சொற்கள் வந்தால், முற்றாக முடியவேண்டிய வினை பெயரெச்ச வடிவிலேயே முடியும் என்பது பழைய ஜப்பானியத்தின் சிறப்பு விதி. தொல்காப்பிய இடையியல் படித்த மாணவனுக்கு இவ்விதியை விளக்க நெடுநேரம் ஆகாது.

எழுத்தைப் பற்றி ஒன்று கூறாமல் அமைதல் இயலாது. மன்யோசு தொகுக்கப்பெற்ற காலத்தில் ஜப்பானியர்க்குத் தனியெழுத்து இல்லை. சீன எழுத்தின் பொருளை நீக்கி ஒலியை மட்டும் கொண்டு தம் மொழியைப் பெரிதும் எழுதினர். இதனைப் படித்தபோது நமக்கு அறபுத்தமிழே நினைவிற்கு வந்தது. அரபியில் இல்லாத தமிழொலிகளுக்குப் புள்ளியிட்டுப் புது வடிவம் கண்ட நம் முன்னோர், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர், செய்ததும் இதனை ஒத்த பணியன்றோ? ஜப்பானில் அப்பழம்பாடல்கள் இன்றும் பள்ளிப் பாடம். நம் அறபுத்தமிழ் ஏடுகளைப் பிழையறப் படிப்போர் வீட்டுக்கு ஒருவர்கூட இல்லை. இது தனியே எழுதவேண்டிய பொருள்.

இனி நம் புதுவைக்கு வருவோம். இந்நகரின் பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கப்பெற்றது. பிரான்சுவா குரோ பரிபாடலை பிரெஞ்சில் பெயர்த்து 1968இல் வெளியிட்டார். தூர கிழக்கு பிரெஞ்சுப் பள்ளியில் தி. வே. கோபாலையரிடம் அயல்நாட்டார் வந்தமர்ந்து பழந்தமிழ் கேட்டனர். ஏவா வில்டன் முதலியோர் ஆங்குச் சங்க இலக்கிய வகுப்புகளை நடத்தினர். சொல் சொல்லாகப் பிரித்து, பாடவேறுபாடு நோக்கி, ஒரு பாட்டுக்கு ஒரு காலைப்பொழுதைக் கொடுத்துப் படிக்கும் முறை அது. நம் வகுப்பிலோ பாட்டுக்குமுன் உரைநூலும், உரைநூலுக்குமுன் வினாவிடைச் சுருக்கமும் நுழைந்துவிடுகின்றன! கடற்கரைக்கு அருகே துய்மா வீதியில் கற்கப்படும் தமிழ், அங்கிருந்து மிகத் தொலைவிலில்லாத முல்லா வீதி மாணவனுக்கு எட்டாதிருப்பது முறையாகுமா?

ஜப்பானியம் கற்பதெல்லாம் கணினி நிறுவன வேலைக்கே என்பர் சிலர். வேலைக்குக் கற்பதை நாம் பழியோம். தற்கால மொழியை ஈராண்டு மூவாண்டு பயின்றபின்னரே செவ்வியல் வகுப்பில் அமரவைப்பது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். ஆதலின் வேலைக்கெனத் தொடங்கும் மாணவனே அதற்கும் ஏற்றவன். தமிழ் இளங்கலையில் சேரும்போதே விருப்பமுள்ள இருவர் மூவரைத் தேர்ந்து தற்கால ஜப்பானியம் பயிலச் செய்யலாம். முதுகலையில் பழைய இலக்கணத்தைத் தொடங்கலாம். அவர்களுள் ஒருவரேனும் முனைவர் பட்டத்திற்கு வந்து, ஓனோவின் சொற்பட்டியலை மூலத்தோடு ஒப்புநோக்கட்டும். அதன்பின் அவர் ‘உறவு இல்லை’ என்று எழுதினும் நாம் மகிழ்ந்து வெளியிடுவோம். இவ்விருப்பப் பாடத்தை நம் துறையின் அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் முன்வைக்க எண்ணியுள்ளோம்.