சோர்ந்தவர்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

சித்திக்கு மூன்றாவது கீமோ முடிந்த வாரம். சபையிலிருந்து நான்கு பேர் பார்க்க வந்தார்கள். தலையில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "எப்படிம்மா இருக்க?" என்றதற்கு, "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்" என்றாள். பத்து நிமிடத்துக்கு முன்புதான் பிளாஸ்டிக் வாளியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒன்றுமில்லாமல் போகும்வரை வாந்தி எடுத்திருந்தாள். வந்தவர்களில் மூத்த அம்மா ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான், சொன்னார்: "அறிக்கையிடாத பாவம் ஏதாச்சும் இருக்கான்னு யோசிச்சுப் பாரும்மா. முழு விசுவாசம் இருந்தா இந்நேரம் சுகம் கெடச்சிருக்கணுமே." அவர்கள் போனதும் சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ராத்திரி என்னிடம் கேட்டாள்: "ஏம்ப்பா, நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?"

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

கர்த்தருடைய பெலத்தைச் சார்ந்து வாழ்கிறவன் தளரமாட்டான், அழமாட்டான், மருந்தைத் தேடி ஓடமாட்டான்; தளர்ந்துவிட்டால் அவன் விசுவாசத்தில் ஓட்டை இருக்கிறது. இந்த எண்ணம் நம் சபைகளில் வேரோடிக் கிடக்கிறது. பிரசங்க பீடத்தில் இதை யாரும் இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை. ஆனால் நோயாளியின் கட்டிலருகில், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், வேலை போனவனின் திண்ணையில் இதுதான் பேசப்படுகிறது. இது விசுவாசமே அல்ல. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேதத்துக்கு விரோதமாகப் பேசும் பேச்சு.

கிறிஸ்துவின் பெலத்தால் எதையும் செய்ய முடியும் என்று பவுல் எழுதிய வசனத்தை எடுத்துக்கொள்வோம். பிலிப்பியர் நான்காம் அதிகாரம், 13ஆம் வசனம். வாக்குத்தத்த அட்டையில், கார்க் கண்ணாடியில், பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பேனா டப்பாவில் எல்லாம் அது இருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்தை எத்தனை பேர் வாசிக்கிறோம்? பட்டினியாய்க் கிடக்கவும் தான் பழகிக்கொண்டதைப் பற்றி ஒரு கைதி அங்கே பேசுகிறார். அடுத்த வசனம் இன்னும் முக்கியம். என் பாடுகளில் பங்கெடுத்து உதவி அனுப்பினீர்களே, நல்லது செய்தீர்கள் என்று பிலிப்பி சபையாருக்கு நன்றி சொல்கிறார். தேவபெலனைப் பற்றிப் பேசிய வாய் மூடுவதற்குள் மனுஷர் செய்த உதவிக்கு நன்றி வருகிறது. பவுலுக்கு இவை இரண்டும் வேறு வேறல்ல.

அந்த உதவியைச் சுமந்துகொண்டு போன எப்பாப்பிரோதீத்து நோயில் விழுந்து சாகக் கிடந்தார். அவருடைய விசுவாசத்தைப் பவுல் சோதித்துப் பார்க்கவில்லை. அவரும் போயிருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று மனம்விட்டு எழுதுகிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக இன்னொரு நிருபத்தில் இருக்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கோ கைவைத்தியம் சொல்கிறார். இவர்களில் ஒருவரையும் அவிசுவாசி என்று அவர் சொல்லவில்லை.

எலியாவின் கதையை ஞாயிறு பள்ளியில் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியது. அத்தோடு மணி அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த அதிகாரத்தில் அதே எலியா யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். இன்றைக்கு நம் சபை மூப்பர் ஒருவர் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? மூன்று நாள் உபவாச ஜெபம் ஏற்பாடாகும். ஊழியத்திலிருந்து ஒதுக்கியும் வைப்பார்கள். அங்கே வந்த தூதனோ ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. தின்றார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அவரைத் தூங்க விட்டான். இரண்டாம் தரம் தட்டி எழுப்பி, போகவேண்டிய தூரம் வெகுதூரம், சாப்பிடு என்றான். அந்தப் போஜனத்தின் பலத்தில் எலியா நாற்பது நாள் நடந்தார் என்று வேதம் சொல்கிறது. கர்த்தருடைய பெலன் அன்றைக்கு அடையாகவும் தண்ணீராகவும் தூக்கமாகவும்தான் வந்தது.

கெத்செமனேயை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது. தூதன் வந்து இயேசுவைப் பலப்படுத்தினான் என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு அடுத்த வரியிலேயே அவருடைய வியாகுலம் அதிகரிக்கிறது, வேர்வை இரத்தத்துளிகள் போல விழுகிறது. பெலன் வந்தும் வேதனை நீங்கவில்லை. தேவகுமாரனுக்கே நீங்காத வேதனை என் சித்திக்கு ஏன் நீங்கவில்லை என்று கேட்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆழ்ந்த விசுவாசி. கால்கள் திரும்பவே இல்லை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் வழியை டாக்டர் பால் பிராண்ட் அங்கே உருவாக்கியிருந்தார். அந்த வேலையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தே அதைச் செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்ததற்கும் அவரே காரணம். நம் சாட்சி நேரத்தில் அவருக்கு மைக் கிடைத்திருக்குமா? "டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் எழுப்பினார்" என்று முடிகிற சாட்சிகளுக்குத்தான் நாம் கை தட்டுகிறோம். எழும்பாதவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ஜெபம் வேண்டாமா, அற்புதம் நடக்காதா என்று கேட்பீர்கள். நான் ஜெபிக்கிறவன். சித்திக்காக முழங்காலில் நின்றவன். சுகம் கொடுக்க கர்த்தரால் முடியும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் கொடுக்காதபோது, அந்தக் கணக்கை நோயாளியின் தலையில் எழுதாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. இன்சுலினையும் மனநோய்க்கான மாத்திரையையும் நிறுத்திவிட்டு விசுவாசத்தைக் காட்டச் சொல்கிறவர்கள் யோபுவின் நண்பர்களைவிடப் பொல்லாதவர்கள். அவர்கள் வார்த்தையால் உயிரே போகும்.

சித்தி வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார். நொய்க்கஞ்சி, கொஞ்சம் புதினாத் துவையல். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். சித்தி அவரிடம் மட்டும் "நல்லா இருக்கேன்" என்று சொன்னதில்லை. "முடியலக்கா" என்பாள். "ஆமா, முடியாதுதான்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு கரண்டி கஞ்சியை ஊதி ஆற்றுவார். போகும்போது தலையில் கை வைத்து அரை நிமிடம் ஜெபிப்பார். என்ன ஜெபித்தார் என்று எனக்குக் கேட்டதில்லை. அந்த இரவுகளில் சித்தி தூங்கினாள்.