வீட்டுக்குள் வந்துவிட்டால் நம்பலாமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்கு வந்த என் அக்கா மகன், தன் லேப்டாப்பை எங்கள் வீட்டு வை-பையில் இணைத்தான். மறுநாள் காலை என் கம்ப்யூட்டரில் போட்டோ போல்டரைத் திறந்தேன். ஒரு படம்கூடத் திறக்கவில்லை. எல்லா பைல்களின் பெயரும் மாறியிருந்தன. பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் பைல் மட்டும் ஒழுங்காகத் திறந்தது.

ரான்சம்வேர் அவன் லேப்டாப்பில் இருந்திருக்கிறது. என்னிடம் ஆன்டி வைரஸ் இருந்தது. ரவுட்டரில் பயர்வாலும் இருந்தது. இருந்து என்ன பயன்? அந்த போல்டரை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்று ஷேர் செய்து வைத்தவன் நான். பாஸ்வேர்ட் கேட்பது தொல்லை என்று அதையும் எடுத்துவிட்டேன். ‘வீட்டில் இருப்பவர்கள்தானே’ என்ற நினைப்பு. மறைந்த என் அப்பாவின் கடைசிப் பிறந்த நாள் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை.

இதே நினைப்பில்தான் பெரிய நிறுவனங்களும் இருந்தன. வெளியே பயர்வால் என்ற மதில் சுவர். உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் நம்மவர். இது தவறு என்று கூறி, 2010ல் பாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஜான் கின்டர்வாக் முன்வைத்த கொள்கைதான் ‘ஜீரோ டிரஸ்ட்’. 2009ல் தாக்குதலுக்கு உள்ளான கூகுள், அதன் பின் ‘பியாண்ட்கார்ப்’ என்ற முறைக்கு மாறியது. அதில் அலுவலக நெட்வொர்க்கில் இருப்பதாலேயே எவருக்கும் தனிச்சலுகை கிடையாது. அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. அமைப்பு 2020ல் இதற்கென ஒரு வழிகாட்டி ஆவணமே வெளியிட்டது.

‘யாரையும் நம்பாதே’ என்று பலர் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து நம்பாதே என்பதே சரி. வங்கி லாக்கரை நினைத்துப் பாருங்கள். மேனேஜருக்கு உங்களை இருபது வருடமாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட வேண்டும், சாவி வேண்டும். திறப்பதும் உங்கள் லாக்கர் மட்டுமே. இதற்காக நாம் கோபித்துக் கொள்கிறோமா?

‘வீட்டுக்கு இதெல்லாம் தேவையா?’ என்று கேட்கலாம். 2016ல் மிராய் என்ற வைரஸ் பிடித்துக் கொண்டவற்றில் பெரும்பகுதி, தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களும் ரவுட்டர்களும்தான். 2017ல் வான்னாக்ரை ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்ததும், அதே நெட்வொர்க்கில் அப்டேட் செய்யாமல் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் தானே பரவியது. இன்று நம் வீட்டு வை-பையில் டி.வி., கேமரா, விருந்தினர் போன் என எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்காகக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ‘ஜீரோ டிரஸ்ட்’ என்று லேபிள் ஒட்டி விற்பதை நம்பி வீட்டுக்காரர்கள் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. விருந்தினருக்கும் டி.வி., கேமராவுக்கும் ரவுட்டரில் உள்ள கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுங்கள். ஷேர் செய்யும் போல்டருக்கு பாஸ்வேர்ட் வையுங்கள். படிக்க மட்டும் அனுமதி போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள். தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் வேண்டாம். இமெயிலுக்கு இரண்டு கட்டப் பாதுகாப்பை இயக்குங்கள். இத்தனைக்குப் பிறகும் தவறு நடக்கலாம் என்று எண்ணி, பேக்கப் எடுத்த டிரைவைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கடைசியில் சொன்னதை மட்டும் நான் செய்திருந்தால்கூட அப்பாவின் படங்கள் இருந்திருக்கும்.

இந்த விடுமுறைக்கு வந்தபோது அக்கா மகனிடம் கெஸ்ட் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். “என் மேல நம்பிக்கை இல்லையா மாமா?” என்றான். “உன் மேல இருக்குடா, உன் லேப்டாப் மேலதான் இல்லை” என்றேன். சிரித்துக்கொண்டே டைப் செய்தான்.