ஃபாயில் பொட்டலச் சமையல்: அடுப்பை அணைத்த பிறகும் கவனம்!

வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு மசாலா அரைத்து, வதக்கி, கடைசியில் அடிப்பிடித்த கடாயையும் தேய்க்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? அந்த நாட்களுக்குக் கைகொடுப்பது ஃபாயில் பொட்டலம். கறியும் காய்கறியும் தங்கள் சாற்றிலேயே ஆவியில் வெந்துவிடும். மீன் பொள்ளிச்சதில் வாழை இலை செய்யும் வேலையை இங்கே அலுமினியம் ஃபாயில் செய்கிறது.

இரண்டு பேருக்குக் கால் கிலோ எலும்பில்லாத சிக்கன் போதும். சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள், சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசறி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள்.

காய் நறுக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உருளைக்கிழங்கும் கேரட்டும் வேக நேரமாகும். அவற்றை மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். குடைமிளகாய், வெங்காயம் பெரிய துண்டுகளாக இருக்கலாம். இரண்டு அடுக்கு ஃபாயிலில் கிழங்கை அடியிலும் கறியை மேலேயும் பரப்பி, ஓரங்களை இரண்டு மூன்று முறை மடித்து மூடுங்கள். ஆவி சுற்றிவர உள்ளே கொஞ்சம் இடம் வேண்டும். பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்ற குழப்பம் வேண்டாம். எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். ஓவன் இல்லையா? கனமான தோசைக்கல்லில் வைத்து, மேலே மூடி போட்டு, சிறு தீயில் பக்கத்துக்கு 15 நிமிடம். மைக்ரோவேவில் ஃபாயில் வேண்டாம், தீப்பொறி பறக்கும். பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆவி சுட்டுவிடும். பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் மறுபடி மூடி வேகவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால், கறியின் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும்.

எலுமிச்சை, புளி, தக்காளி, தயிர் சேர்க்கும்போது மட்டும் நிதானம் தேவை. புளிப்பும் உப்பும் சூட்டோடு சேர்ந்தால் ஃபாயிலிலிருந்து அலுமினியம் கூடுதலாக உணவில் இறங்கும். வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என 2011-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்த நிபுணர் குழு வரையறுத்தது. எனவே எப்போதாவது சாப்பிடுபவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அதில் பாதிப்பு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. வீட்டில் எல்லோருக்கும் பொதுவான எளிய வழி, தணலில் வாட்டிய வாழை இலையில் முதலில் மடித்து, அதன்மேல் ஃபாயில் சுற்றுவது. எலுமிச்சையைப் பொட்டலம் பிரித்த பிறகு பிழிந்தால் மணமும் தூக்கலாக இருக்கும்.

மிச்சமானதை என்ன செய்வது? 'அப்படியே மூடி வைத்தால் காலையில் சாப்பிடலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். 1994-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோ நகரில், ஃபாயிலில் சுட்ட உருளைக்கிழங்கைப் பிரிக்காமல் வெளியிலேயே வைத்திருந்து, பிறகு அதைச் சேர்த்துச் செய்த உணவால் 30 பேர் பாட்யுலிசம் என்ற நச்சுப் பாதிப்புக்கு ஆளானார்கள். நரம்புகளைத் தாக்கி மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும் நோய் அது. அந்தக் கிருமியின் வித்துகள் சாதாரண வேக்காட்டில் சாவதில்லை. காற்றுப் புகாத, ஈரமான, வெதுவெதுப்பான பொட்டலம் அவற்றுக்கு வசதியான இடமாகிவிடும். கெட்டுப்போனது வாசனையில் தெரியும் என்றும் நம்ப முடியாது.

ஆகவே, சூடாக இருக்கும்போதே பிரித்துச் சாப்பிடுங்கள். மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபாயில் குப்பைக்கூடைக்குப் போகட்டும்!