28 மார்க் எப்படி 10 ஆனது?

அமெரிக்காவில் கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளைகள் எழுதுவது எஸ்.ஏ.டி. தேர்வு. அதற்காக எட்டுப் பள்ளிகள் தனிப்பயிற்சி நடத்தின. அதனால் மொழிப் பகுதியில் எத்தனை மார்க் கூடியது என்று கணக்கிட்டார்கள். ஒரு பள்ளியில் 28, இன்னொன்றில் 18. வேறொரு பள்ளியிலோ 3 மார்க் குறைந்தே போனது! 1981-ல் டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியல் அறிஞர் இந்த எண்களை அலசினார். இன்றும் புள்ளியியல் மாணவர்களுக்கு இதுதான் பாலபாடம்.

பெற்றோர் என்ன செய்வார்கள்? 28 மார்க் பள்ளிக்கு ஓடுவார்கள். ஆனால், அந்த 28 உறுதியான எண் இல்லை. சுமார் 15 மார்க் இப்படியோ அப்படியோ நகர்வது சகஜம். 'அப்படியானால் எட்டுக்கும் பொதுவாக ஒரே சராசரி, சுமார் 8' என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியில்லை. பள்ளிக்குப் பள்ளி ஆசிரியர் வேறு, பிள்ளைகள் வேறு.

இரண்டுக்கும் நடுவே போவதுதான் படிநிலை மாதிரி. இதைச் சமன்பாடாக எழுதினால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். வம்சாவளி மாதிரி வரைந்தால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். உச்சியில் ஒரு வட்டம்: 'பயிற்சி பொதுவாக எவ்வளவு உதவும்?' அதன் கீழே எட்டு வட்டங்கள், பள்ளிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அடியில், அங்கே கிடைத்த மார்க். அடியில் இருக்கும் மார்க்குகள் சேர்ந்து உச்சி வட்டத்துக்குத் தகவல் சொல்கின்றன. உச்சி வட்டம் அதை எல்லாப் பள்ளிகளுக்கும் பகிர்கிறது. கணக்கு தள்ளாடும் பள்ளி, உடன்பிறப்புகளின் தோளில் சாய்ந்துகொள்கிறது.

இன்னொரு படம் இதைவிட அழகு. மேலே ஒரு கோட்டில் பழைய எண்கள், கீழே ஒரு கோட்டில் புதியவை. ஜோடிகளை இணைத்தால் கோடுகள் புனல் போலக் குவியும். 28 இறங்கி சுமார் 10-க்கு வருகிறது. மைனஸ் 3 ஏறி சுமார் 7-ஐத் தொடுகிறது.

ஆனால், வெறும் புள்ளி வைத்த படம் பாதி உண்மைதான். கூடவே ஒரு நீளக் கோடும் வேண்டும். முதல் பள்ளியின் 10 என்பது ஏறக்குறைய மைனஸ் 2 முதல் 31 வரை எங்கும் இருக்கலாம். மற்றதன் 7, மைனஸ் 11 முதல் 19 வரை. இரண்டு கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால், மைனஸ் 2-லிருந்து 19 வரை இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன.