வகுப்பறைக்கு வெளியே தோற்கும் படிப்பு

அரசுப் பள்ளியில் தேர்ச்சி குறைந்தால் சட்டென்று வரும் தீர்ப்பு இரண்டே: வாத்தியார் சரியில்லை, அல்லது பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. படிப்பு வகுப்பறைக்குள் தொடங்கி அங்கேயே முடிகிறது, அதைச் சீராக்குவது கல்வித்துறையின் வேலை மட்டுமே என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்தவை இவை. அந்த நம்பிக்கை ஏழைப் பிள்ளைகளுக்குப் பெருங்கேடு செய்கிறது. 2013 ஜனவரியில் பெங்களூரு ஈஜிபுராவில் நலிந்த பிரிவினர் குடியிருப்பை மாநகராட்சி இடித்தபோது சுமார் 1,500 குடும்பங்கள் வீடிழந்தன. தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் அவற்றில் ஏராளம். ஆண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் பிள்ளைகள் நடைபாதையில் படுத்தார்கள். பலர் நகர விளிம்புக்குப் போனார்கள். கோப்பில் அது நில விவகாரம். அந்த ஆண்டு ஒரு பிள்ளை தேர்வில் சறுக்கியிருந்தால் எந்த வாத்தியாரைக் குற்றம் சொல்வது?

மருத்துவத்தையும் கல்வியையும் அலசிய பொருளாதார ஆய்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன. கென்யாவில் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் மிகேலும் கிரேமரும், பள்ளிக்கு வராமை கால்பங்கு குறைந்ததாக 2004-இல் எழுதினார்கள். ஆனால் மதிப்பெண் உயரவில்லை. மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து, உள்ளூர் இளம்பெண்கள் அவரவர் நிலைக்கேற்பச் சொல்லிக்கொடுத்தபோது மதிப்பெண் ஏறியது. மாத்திரை பிள்ளையைப் பள்ளிவரை கொண்டுவரும், எழுத்தறிவிக்காது. பாடமுறை எழுத்தறிவிக்கும், வராத பிள்ளைக்கு எட்டாது. இரண்டும் சேர வேண்டுமானால் துறைகள் கைகோக்க வேண்டும்.

இது ஆசிரியரின் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்பார்கள். மும்பைச் சான்றே அதற்கு மறுப்பு: நல்ல போதனைக்கு ஈடில்லை என்றுதான் அது சொல்கிறது. குடிசையிலிருந்து படித்து உயர்ந்தவர்கள் இல்லையா என்பார்கள். உண்டு, ஆனால் தப்பிப் பிழைத்த சிலரை அளவுகோலாக்கி மற்றவர்களைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. துறைகள் கூடினால் சண்டைதான் மிஞ்சும் என்பார்கள். 2015-இல் லண்டன் நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் கென்யத் தரவுகளை மறுபடி அலசிப் பிழைகளைச் சுட்டினார்கள். அந்தச் சண்டையால் உண்மைதான் கூர்மையடைந்தது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளரை அமர்த்தி, கற்றலையும் உடல் வளர்ச்சியையும் சேர்த்தே அளந்தபோது, இரண்டும் மேம்பட்டது தெரிந்தது. ஒரு துறை மட்டும் அளந்திருந்தால் பாதிப் பலன் கண்ணில் பட்டிருக்காது.

ஈஜிபுராவுக்குப் பக்கத்தில் கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம், சர்ஜாபுரம் பக்கம் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். ஆளுக்கும் அறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. இவர்களை ஒரே வார்டில், ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பின்தொடரவைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளை இருக்கும் எந்த வீட்டையும் இடிக்கும் முன், அந்தப் படிப்புக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.