'க்ரோன்' என்றால் மகுடம் இல்லை, பிணம்!

ஆங்கிலத்தில் 'க்ரோன்' என்று ஒரு சொல் உண்டு. கூன் முதுகு, வளைந்த மூக்கு, கையில் தடி, வாயைத் திறந்தால் சாபம்... தேவதைக் கதைகளில் வரும் சூனியக்காரக் கிழவிதான் க்ரோன். தமிழில் 'கிழவி' என்றால் வயது மட்டும்தான். இதில் வயதோடு விஷமும் சேர்ந்திருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு இப்போது சிலர் புது ஜாதகம் எழுதுகிறார்கள். 'க்ரவுன்', அதாவது மகுடம் என்பதிலிருந்து வந்ததாம். ஞானத்தால் முடிசூடிய மூதாட்டி என்று அர்த்தமாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுக்கதை!

அகராதியைப் புரட்டினால் கிடைப்பது வேறு. பழைய வட பிரெஞ்சு வழக்கில் 'கரோன்ய' என்றால் அழுகிய பிணம். அதையே சிடுமூஞ்சிப் பெண்ணைத் திட்டவும் பயன்படுத்தினார்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய 'கான்டர்பரி கதைக'ளில், சதிகாரியான ஒரு சுல்தானின் தாய்க்கு இந்த வசவு விழுகிறது. ஆடு வளர்ப்பவர்களோ பல் போன கிழட்டுப் பெண் செம்மறியை 'க்ரோன்' என்றார்கள். கணக்குப் புத்தகத்தின் பாஷையில் சொன்னால், முழுத் தேய்மானமும் கழித்தாகிவிட்ட சொத்து. இனி லாபம் இல்லை, தள்ளிவிடு!

ஆண் மந்திரவாதிக்கு என்ன பெயர்? 'விசார்ட்'. அது 'அறிவுள்ள' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. முதலில் அதற்கு அறிஞன் என்றே பொருள். இன்றும் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரனை விசார்ட் என்று புகழ்கிறார்கள். அவனுக்கு அறிவு, அவளுக்குப் பிணம். நல்ல பங்கீடு!

வெறும் வார்த்தைதானே என்பவர்கள் இங்கிலாந்தின் லங்காஷயரைப் பார்க்கட்டும். 1612 மார்ச்சில் அங்கே பெண்டில் பகுதியைச் சேர்ந்த ஏழைப் பெண் ஒருத்தி, தெரு வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவன் மறுத்தான். சிறிது நேரத்தில் பக்கவாதம் வந்தவன் போல விழுந்தான். 'சூனியம்' என்று வழக்கு கிளம்பியது. டெம்டைக் என்று அழைக்கப்பட்ட அவளுடைய பாட்டிக்கு ஏறக்குறைய 80 வயது. விசாரணைக்கு முன்பே லங்காஸ்டர் சிறையில் செத்துப்போனாள். ஆகஸ்டில் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். எட்டுப் பேர் பெண்கள். அதில் ஒருத்திக்கும் 80 வயது இருக்கும்.

ரெஜினால்ட் ஸ்காட் 1584லேயே எழுதிவிட்டார்: சூனியக்காரி என்று பிடிபடுபவர்கள் பெரும்பாலும் வயதான, நொண்டியான, வீடு வீடாகப் பிச்சை கேட்கும் ஏழைப் பெண்கள் என்று. கேட்டதைக் கொடுக்காமல் விரட்டுவார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே போவாள். பிறகு மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி அவள் தலையில். சூனியத்தைக் குற்றமாக்கிய சட்டத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ரத்து செய்தது 1736ல்தான்.

அமெரிக்கப் பெண்ணியவாதி மேரி டேலி 1978ல் 'க்ரோன்' என்பதைப் பெருமைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார். தாராளமாக எடுக்கலாம். எறிந்த கல்லை எடுத்து வீடு கட்டுவது வீரம்தான். ஆனால் அது கல்லே இல்லை, ஆரம்பத்திலிருந்தே பூ என்று சொல்வது யாருக்கு உதவும்? எறிந்தவனுக்குத்தான். பிணம் என்று பெயர் வைத்தவனை மகுடம் வைத்தவனாக மாற்றுவது, அந்தப் பாட்டிகளுக்குச் செய்யும் மரியாதை இல்லை.