விலை யார் கணக்கில்?

2004 மே மாதத்தின் முதல் வாரம். ஒரு பத்திரிகையின் மொழிபெயர்ப்பு மேஜைக்கு நான் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தமிழில் முதுகலைப் பட்டம், ஒரு தடித்த அகராதி, எந்த ஆங்கிலச் சொல்லையும் தமிழில் மடக்கிவிடலாம் என்ற இளம் வயதுத் திமிர். இவைதான் என் மூலதனம். அன்று மாலை வந்த ஏஜென்சி செய்தி, இராக்கின் அபு கிரைப் சிறை பற்றியது. கூடவே படங்கள். தலையில் கறுப்புத் துணி கவிழ்த்து, கைகளில் ஒயர் மாட்டி, ஒரு பெட்டியின் மேல் நிறுத்தப்பட்ட மனிதர். நிர்வாணமாக ஒருவர் மேல் ஒருவராகக் குவிக்கப்பட்ட கைதிகள். பக்கத்தில் சிரித்தபடி அமெரிக்கச் சிப்பாய்கள்.

ஆங்கிலச் செய்தி இதை 'அப்யூஸ்' என்றது. அகராதி 'துஷ்பிரயோகம்' என்றது. அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யலாம், பொதுப் பணத்தைச் செய்யலாம். மனிதனை? அவனுக்கு முறையான பிரயோகம் என்று ஒன்று இருந்தால்தானே! 'முறைகேடு' என்று எழுதிப் பார்த்தேன். ரேஷன் கடை ஞாபகம் வந்தது. கடைசியில் அகராதியை மூடிவிட்டு, படத்தைப் பார்த்து எழுதினேன்: சித்ரவதை.

செய்தி ஆசிரியர் அதை அடித்தார். "ஏஜென்சி சொல்லாததை நாம சொல்லக்கூடாது, தம்பி." மறுநாள் 'கைதிகளிடம் அத்துமீறல்' என்று வந்தது. நான் வாதாடவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதே வாரம் வாஷிங்டனிலும் இதே சண்டை நடந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் நிருபர்களிடம், இதுவரை சாட்டப்பட்டிருப்பது 'அப்யூஸ்'தான், அது சித்ரவதையிலிருந்து சட்டப்படி வேறானது என்பது தன் அபிப்பிராயம் என்றார். சித்ரவதை என்ற சொல்லுக்குள் போக அவர் மறுத்தார். காரணம் மொழிப்பற்று அல்ல. 1984ன் ஐ.நா. சித்ரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தை அமெரிக்கா 1994ல் ஏற்று உறுதி செய்திருந்தது. அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டால் குற்றம் வரும். குற்றம் வந்தால் குற்றவாளி வருவார். அவர் சிப்பாயாக மட்டுமே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்தச் சொல்லையே சுருக்கும் வேலை 2002 ஆகஸ்ட்டிலேயே நடந்து முடிந்திருந்தது. அமெரிக்க நீதித்துறையின் ரகசியக் குறிப்பு ஒன்று, உடல் உறுப்பு செயலிழப்பது அல்லது மரணம் போன்றவற்றோடு வரும் வலிக்குச் சமமான வலி இருந்தால்தான் அது சித்ரவதை என்று விளக்கம் சொன்னது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வேறு ஏதோ. 2004 ஜூனில் இது வெளியே கசிந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அகராதி தயாரிப்பவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகங்களில் உட்கார்ந்திருப்பதில்லை.

இன்னொரு சொல்லும் அப்போது தகராறு செய்தது. 2003 மார்ச்சில் தொடங்கிய படையெடுப்புக்கு அமெரிக்கா வைத்த பெயரிலேயே இராக்கின் சுதந்திரம் இருந்தது. மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1483ஆம் தீர்மானமோ அமெரிக்காவையும் பிரிட்டனையும் 'ஆக்கிரமிப்பு வல்லரசுகள்' என்று குறித்தது. தமிழில் ஆக்கிரமிப்பு என்றால் நடைபாதைக் கடையும் புறம்போக்கு நிலமும் ஞாபகத்துக்கு வரும். சொல்லிலேயே குற்றச்சாட்டு ஒட்டியிருக்கிறது. சர்வதேச சட்டத்தில் அது வசவு அல்ல, பொறுப்பு. 1949ன் நான்காவது ஜெனிவா ஒப்பந்தப்படி, ஆக்கிரமித்தவர் அங்குள்ள மக்களின் உணவுக்கும் மருந்துக்கும் வழி செய்யவேண்டும். தகவல் பெறுவதற்காக அவர்களை உடலாலோ மனதாலோ நிர்ப்பந்திக்கக்கூடாது. விடுதலை தர வந்தவர் என்று சொல்லிக்கொண்டால் நன்றியை எதிர்பார்க்கலாம். ஆக்கிரமித்தவர் என்று ஒப்புக்கொண்டால் கணக்குக் காட்டவேண்டும்.

டெல்லியும் சொல்லில் தடுக்கி விழுந்தது. 2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் இந்தப் போர் பற்றித் தீர்மானம் போட்டபோது, கண்டிக்க வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். வருந்தினால் போதும் என்றது அரசு. சமரசம் இந்தியில் கிடைத்தது: 'நிந்தா'. இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டன. தமிழில் நிந்தித்தால் சண்டையே வந்துவிடும்! ஆனால் அதே ஆண்டு ஜூலையில், அமெரிக்கா கேட்ட ஒரு டிவிஷன் படையை அனுப்புவதில்லை என்று வாஜ்பாய் அரசு முடிவெடுத்தது. ஐ.நா.வின் ஆணை இல்லை என்பது காரணம். அடுத்த சில மாதங்களில் அந்தச் சிறையில் நடந்ததைப் பார்க்கும்போது, அந்த 'முடியாது' எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது.

என்ன நடந்தது? பாக்தாத்துக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருந்தது அபு கிரைப். சதாம் ஹுசேன் காலத்தில் அது கொலைக்களம். 2002 அக்டோபரில் பொதுமன்னிப்பு கொடுத்து சதாம் அதைக் காலி செய்தார். 2003ல் அமெரிக்கர்கள் மறுபடி திறந்தார்கள். குவான்டனாமோ சிறையின் தலைமை அதிகாரி ஜெஃப்ரி மில்லர் ஆகஸ்ட் இறுதியில் இராக் வந்து, விசாரணைக்கு உகந்தபடி கைதிகளைப் பதப்படுத்தி வைப்பதில் காவலர்களுக்கும் பங்கு வேண்டும் என்று யோசனை சொன்னார். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நடந்தவைதான் படங்களில் இருந்தவை. நவம்பரில் ஒருவர் விசாரணையின்போதே இறந்தார். பிணப் பரிசோதனை அதைக் கொலை வகையில் சேர்த்தது. அந்த மரணத்துக்காக எவரும் சிறை செல்லவில்லை.

அன்றிலிருந்து இந்த விவாதத்தில் மூன்று வாதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது: சதாம் இதைவிட மோசம். உண்மை. ஆயிரக்கணக்கானோர் அவர் ஆட்சியில் தூக்கில் தொங்கினார்கள். ஆனால் விடுதலை தர வந்தவருக்கு அளவுகோல் விரட்டப்பட்ட கொடுங்கோலனா? அதே சிறை, அதே சுவர்கள். சாவி மட்டும் கைமாறியது என்றால் இராக்கியனுக்கு என்ன மிச்சம்?

இரண்டாவது: எங்கோ குண்டு வெடிக்கப் போகிறது, பிடிபட்டவனுக்கு இடம் தெரியும், என்ன செய்வீர்கள்? கேட்பவர் கற்பனையில் பிடிபட்டவன் எப்போதும் குற்றவாளிதான். நிஜத்தில்? இராக்கில் பிடிக்கப்பட்டவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர் தவறுதலாகக் கைதானவர்கள் என்று ராணுவ உளவு அதிகாரிகளே தங்களிடம் சொன்னதாக சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 2004 பிப்ரவரி அறிக்கையில் எழுதியது. தெரியாதவனை அடித்தால் அவன் என்ன சொல்வான்? செனட்டர் ஜான் மெக்கெய்ன் 1967லிருந்து 1973 வரை வியட்நாமியர்களிடம் கைதியாக இருந்தவர். சக விமானிகளின் பெயர்களைக் கேட்டு வதைத்தபோது, ஒரு கால்பந்து அணி வீரர்களின் பெயர்களைச் சொன்னாராம். வதைபட்டவர் வலி நிற்பதற்காகப் பேசுகிறார், உண்மைக்காக அல்ல. 2005ல் கைதிகளைக் கொடுமைப்படுத்தத் தடை விதிக்கும் திருத்தத்தை அவர் கொண்டு வந்தபோது செனட்டில் 90 பேர் ஆதரித்தார்கள், 9 பேர் எதிர்த்தார்கள்.

மூன்றாவது: இது கீழ்மட்டத்தில் சிலரின் ஒழுங்கீனம். இதற்குப் பதில் அல்ஜீரியாவில் இருக்கிறது. 1954லிருந்து 1962 வரை பிரான்ஸ் அங்கே நடத்தியதில் சித்ரவதை ஒரு நிர்வாக முறையாகவே இருந்தது. அதை அனுபவித்த பத்திரிகையாளர் ஆன்ரி அலெக்கின் புத்தகம் 1958ல் வெளிவந்ததும் அரசு பறிமுதல் செய்தது. நடப்பது போர் என்றுகூட பிரான்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை; 'ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை' என்றது. போர் என்று சட்டத்தில் எழுத 1999 வரை ஆயிற்று. அந்த அல்ஜீரியா பற்றிய பொன்டெகோர்வோவின் 'அல்ஜியர்ஸ் யுத்தம்' படத்தை 2003 ஆகஸ்ட்டில் பென்டகன் தன் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியது. சண்டையில் ஜெயித்துக் கருத்துப் போரில் தோற்பது எப்படி என்று அழைப்பிலேயே எழுதியிருந்தது. மில்லர் இராக் போனதும் அதே மாதத்தின் கடைசியில்தான். படம் பார்த்தார்கள், பாடம் படிக்கவில்லை.

அமெரிக்காவுக்குச் சேரவேண்டிய நியாயத்தையும் சொல்லவேண்டும். இதை வெளியே கொண்டுவந்ததும் அமெரிக்கர்கள்தான். ஜோசப் டார்பி என்ற சாதாரண சிப்பாய் 2004 ஜனவரியில் படங்கள் அடங்கிய குறுந்தகட்டை விசாரணைப் பிரிவிடம் கொடுத்தார். மேஜர் ஜெனரல் அன்டோனியோ டகுபா பூசி மெழுகாமல் அறிக்கை எழுதினார். அவர் மணிலாவில் பிறந்தவர். அவர் தந்தை இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். சதாமின் இராக்கில் இப்படி ஒரு அறிக்கை வந்திருக்காது.

ஆனால் விலை? டார்பிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. சொந்த ஊருக்குத் திரும்பி வாழ முடியவில்லை. டகுபா 2007ல் ஓய்வு பெற்றார்; தன்னைப் போகச் சொன்னார்கள் என்று பிறகு சொன்னார். பதினொரு சிப்பாய்களுக்கு ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது. சிறைக்குப் போனவர்களில் உயர்ந்த பதவி, ஒரு ஸ்டாஃப் சார்ஜன்ட். சொல்லுக்கு விளக்கம் எழுதியவர்கள் எவரும் கூண்டில் ஏறவில்லை.

அங்கே அடைபட்டிருந்த மூன்று இராக்கியர்கள், விசாரணையாளர்களை அனுப்பிய சிஏசிஐ என்ற தனியார் நிறுவனத்தின் மேல் 2008ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில்தான் விர்ஜினியாவில் நடுவர் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 4.2 கோடி டாலர் இழப்பீடு. அவர்கள் யார்? ஒரு பள்ளித் தலைமையாசிரியர், ஒரு பழ வியாபாரி, ஒரு பத்திரிகையாளர். குண்டு வைக்கும் இடம் தெரிந்தவர்கள் என்று நாம் கற்பனை செய்து வைத்திருந்த மனிதர்கள் இவர்கள்தான்.

சுதந்திரத்துக்கு விலை உண்டு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தார். விலையைப் பற்றிப் பேசியவரே அதைத் தன் உடம்பால் கொடுத்தார். இராக்கில் விலை பேசியவர் வேறு, கொடுத்தவர் வேறு. விவாதத்தில் யாராவது 'விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும்' என்று சொன்னால், யார் கணக்கில் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

அதைக் கேட்கும்போது நம் வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சித்ரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் இந்தியா 1997ல் கையெழுத்திட்டது. இன்னும் உறுதி செய்யவில்லை. 2010ல் மக்களவை நிறைவேற்றிய சித்ரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. 2017ல் சட்ட ஆணையம் ஒப்பந்தத்தை உறுதி செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. நமக்கு ரகசியக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. தமிழில் ஏற்கனவே சொற்கள் தயார். "ஸ்டேஷன்ல வச்சு நல்லா கவனிச்சாங்க" என்று ஒருவர் சொன்னால், காபி கொடுத்தார்கள் என்று நம்மில் யாரும் நினைப்பதில்லை. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறோம்.

அன்று என் சொல்லை அடித்த செய்தி ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஏஜென்சிக்கு விசுவாசமாக இருந்தார். நான்தான் படத்தில் இருந்த மனிதருக்கு விசுவாசமாக இல்லை. அடுத்த பஸ் வரும் என்று நினைத்திருந்தால் ஐந்து நிமிஷம் வாதாடியிருக்கலாம்.